ஏழுக்கு நடுவில் ஒரு கோடு

ரெக்கவரி லாரியிலிருந்து இறக்கும்போதே சொன்னேன்,
ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதீர்கள் என்று.
அவர் சாவியைத் திருப்பிவிட்டார்.
மாவில்லாத கிரைண்டர்போல
லேசாகச் சுற்றியது எஞ்சின்.
அந்த லேசு நல்லதல்ல.

ஷார்ஜா, பத்தாம் இண்டஸ்ட்ரியல் ஏரியா.
ஜூலை.
பதினொரு மணிக்கே ஸ்பேனரைத்
துணி சுற்றித்தான் எடுக்கவேண்டும்.

சூடான்காரர். பெயர் இத்ரீஸ்.
அஜ்மானில் பள்ளிக்கூடக் கணக்கர்.
வாங்கி நான்கு மாதம் என்றார்
அரபியும் இந்தியுமாய்.
பாலம் ஏறும்போது
ஒரு முனகல்கூட இல்லாமல் நின்றதாம்.

அப்படித்தான் நிற்கும்.
சங்கிலி என்றால் மாதக்கணக்கில் கரகரக்கும்,
விடியலின் முதல் ஸ்டார்ட்டில் ஊரைக் கூட்டும்.
பெல்ட்டுக்கு வாய் கிடையாது.

பிஸ்டன் ஏறிவரும் இடமும்
வால்வு இறங்கிவரும் இடமும் ஒன்றுதான்.
நேரம்தான் வேறு.
என் கட்டிலைப்போல:
பகலெல்லாம் பேக்கரி டேவிட்சன்,
ராத்திரி நான்.
மூன்று வருடத்தில் ஒருதடவைகூட
இடித்துக்கொண்டதில்லை,
விரிப்பில் அவன் சூடு மட்டும் மிச்சமிருக்கும்.
ஒருநாள் கடிகாரம் அறுந்தால்

இதையெல்லாம் அவருக்கு எந்த மொழியில் சொல்வது?
ஹெட்டைக் கழற்றிக் காட்டினேன்.
பதினாறில் பன்னிரண்டு கோணல்.
பிஸ்டன் தலைகளில் பிறை பிறையாய் வெட்டு.
அவர் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார்,
பிள்ளையின் காயத்தைத் தடவுவதுபோல.

டைமிங் கவரைத் துடைக்கும்போதுதான் தெரிந்தது ஸ்டிக்கர்.
பெல்ட் மாற்றியது: 97,000.
கறுப்பு மார்க்கர்.
ஏழுக்கு நடுவில் கோடு போடுகிறவன்
இந்தச் சந்தில் நான் ஒருத்தன்தான்.

ரமலானுக்கு முந்தின வாரம்.
கவரை மட்டும் கழுவு, கிலோமீட்டரை எழுது,
சாயங்காலம் ஷோரூமுக்குப் போகணும் என்றார் முதலாளி.
எழுதினேன்.
ஐம்பது திர்ஹம் கொடுத்தார்.
டேவிட்சனுக்கும் சேர்த்து
பிரியாணி வாங்கிப் போனேன் அன்றைக்கு.

"புது பெல்ட் என்றுதானே எழுதியிருந்தது?"
இத்ரீஸ் என்னைப் பார்த்துக் கேட்கவில்லை,
வண்டியைப் பார்த்துக் கேட்டார்.
நகத்தால் ஓரத்தைச் சுரண்டினேன்.
வெயிலில் பசை இளகி
முழுசாக வந்தது, கிழியாமல்.
வந்து கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது.

அந்தக் கையாலேயே பில் எழுதினேன்.
வால்வு பன்னிரண்டு. கேஸ்கெட். பெல்ட். வாட்டர் பம்ப்.
கூலி என்ற வரியை எழுதவில்லை.
முதலாளி கேட்டால்
என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளட்டும்.
மொத்தம் 1,740.

ஏழுக்குக் கோடு போடவில்லை.