குப்புறப் படுத்த மாதங்கள்

என் இடுப்புக்குக் கீழே ஒரு புண் இருந்தது.
எனக்கு வலிக்கவில்லை.
மாதேசனுக்குத்தான் வலித்தது.

குப்பனூர் சாலையில் ஜீப் உருண்ட அன்றிலிருந்து
தொப்புளுக்குக் கீழே இரவல் உடம்பு.
எறும்பு கடித்தாலும் யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும்.
இதையும் அப்படித்தான் சொன்னார்கள்.
முதலில் சிவப்பு, "வேர்க்குருவா இருக்கும்";
அப்புறம் கறுப்பு;
அப்புறம் வீட்டில் ஒரு வாடை.
எலி செத்துக் கிடக்கிறதென்று
அரிசி மூட்டையை நகர்த்திப் பார்த்தோம்.

சேலம் பெரியாஸ்பத்திரியில் வெட்டிச் சுத்தம் செய்து
உட்காரக் கூடாது என்றார்கள்.
எத்தனை நாளைக்கு?
மூடும் வரைக்கும்.

ஆகவே குப்புற, இல்லாவிட்டால் ஒருச்சாய்ந்து.
மார்கழி, தை, மாசி.
கட்டில் விளிம்பில் தாடை.
கண்ணுக்கு எட்டியது இரண்டு முழம் சிமெண்டுத் தரை.
செம்மநத்தத்து ஜனங்களைக் காலால் அறிந்தேன்:
குதிகால் வெடித்தது சடைச்சி அக்கா,
அட்டைக் கடிக்குச் சுண்ணாம்பு தடவியது எஸ்டேட் ரைட்டர்,
வெள்ளை ஷூ நர்ஸ் டெய்சி.
கதவிடுக்கில் பனி நுழையும், நாய் மாதிரி,
மூக்கு வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பும்.

இரண்டு மணிக்கொரு தடவை அலாரம்.
மாதேசன் கண்ணைத் திறக்காமலே எழுவான்.
தலையணையை உருவி, இடுப்பைத் தூக்கித் திருப்பி,
"கொண்டை ஊசி ஏழு" என்பான்.
"இருபதும் ஏறிட்டா ஏற்காடு."
நாம் இருப்பதே மலைமேல்தானே என்று சொல்ல
அந்நேரம் எனக்கு வாய் வராது.

ஒரு ராத்திரி நாலு மணி அலாரத்தை
அணைத்துவிட்டுத் தூங்கிப்போனான்.
விடிந்ததும் என் முகத்தைப் பார்க்கவில்லை.
புண்ணை மட்டும் பார்த்தான்.

தினமும் போனில் படம் எடுப்பான்.
நான் பார்க்க மாட்டேன், அளவு கேட்பேன்.
எலுமிச்சம்பழம் என்றான் முதலில். பிறகு நெல்லிக்காய்.
"சந்தைக்கா வந்திருக்கே? சென்டிமீட்டர்ல சொல்லு"
என்று டெய்சி காகித ஸ்கேல் கொடுத்துப் போனாள்.
அவள் போனதும், என் காதில்:
பலாக்கொட்டை.

பங்குனியில் பூமழை பெய்து
காப்பித் தோட்டம் முழுக்க வெள்ளை.
ஜன்னலில் வாசம் அடித்தபோது பயந்தேன்,
எந்த வாசம் வந்தாலும் என்னுடையதோ என்று.

காப்பிக்கொட்டை.
மிளகு.
ஒரு நாள் ஒன்றும் சொல்லாமல் போனை நீட்டினான்.
ரோஸ் நிறத்தில் சுருங்கிய தோல்,
அவசரத்தில் தைத்த கோணிப்பை வாய் போல.
அழகில்லை.
பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

"மூடிக்கிச்சுன்னு ஆடாதே," என்றாள் டெய்சி,
"பழைய தோலோட பலம் இதுக்கு வராது.
முதல் நாள் பத்து நிமிஷம்."

வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தான்.
சில்வர் ஓக் மரங்கள் அங்கேயேதான் நின்றன.
எல்லோருக்கும் முகம் இருந்தது.
சடைச்சி அக்கா மூக்குத்தி மாற்றியிருந்தாள், எப்போதோ.
உறிஞ்சுகுழாய் இல்லாமல், டம்ளரை நானே பிடித்து,
காப்பி பாதி குடித்திருப்பேன்,
அலாரம் அடித்தது.