வந்தவர் எத்தனை பேர்

படிவத்தில் அப்படியொரு கட்டம்.

நனைந்த வாங்கில் பதினொருவர்.
இருவர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.
வேன் சாரதி தூங்குகிறார்.
எதிரணிக்கென்று ஒரு தகப்பன், குடையோடு.

கொட்டகலையில் மூன்றரைக்கே மூட்டம் இறங்கிவிடும்.
கூடை தெரியாது.
வளையத்தில் பட்ட சத்தத்தை வைத்துத்தான்
கை தட்டுவோம், இல்லை
ச்சே என்போம்.

முப்பத்தொன்றுக்கு முப்பத்தொன்று.
ஜெசிந்தாவுக்கு ஒரு தனி எறிகை.
சிக்னல் விழாமல்
பதுளைக் கோச்சி வேலியோரம் நின்றது அப்போதுதான்.
ஜன்னலெல்லாம் தலை.
மிதிபலகையில் தொங்கிய ஒருவன்
"போடு தங்கச்சி!" என்றான்.
பெட்டி பெட்டியாய் அது பின்னால் போனது:
போடு, போடு.

எறிந்தாள்.
பந்து மூட்டத்துக்குள் ஏறவும்
கோச்சி ஊதிக்கொண்டு நகர்ந்தது.

பதினொன்று என்று எழுதி, வெட்டி,
பேனையைப் பிடித்தபடி இருக்கிறேன்.
தலவாக்கலை தாண்டியும்
யாராவது பக்கத்து ஆளிடம் கேட்கக்கூடும்,
விழுந்திருக்குமா என்று.