விழுந்தவர்கள் கை உயர்த்தவும்

செவ்வாய்க்கிழமை, ஒன்பது மணி,
பாண்டிருப்புப் பல்நோக்கு மண்டபம்.
பாயும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டுவரச் சொல்லி
கிராம சேவகர் கடிதம் தந்திருந்தார்.
தலைப்புத்தான் எனக்குப் பிடிக்கவில்லை:
'விழாமல் வாழ்வோம்.'

இருபத்தெட்டு வருசம்
கல்முனை – மகாஓயா பஸ்ஸில்
கம்பி பிடிக்காமல் நின்ற கொண்டக்டர் நான்.
ஒரு கையில் டிக்கட் புத்தகம், மறுகையில் சில்லறை,
விரலிடுக்கில் நீளமாய் மடித்த பத்து ரூபாய்கள்.
கந்தப்போடி பிரேக் அடித்தால்
பஸ் முழுக்க முன்னால் சரியும்.
நான் சரியமாட்டேன்.
எனக்கா வகுப்பு?

நடுவில் ஒரு நீலப் படங்கு கட்டியிருந்தது,
இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள்.
மூலையில் ஏதோவொரு நிறுவனத்தின் பெயர்
பாதி அழிந்து கிடந்தது.
எந்த வெள்ளத்துக்கு வந்ததோ.

பிசியோ பிள்ளை துஷ்யந்தி
ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:
"போன ஒரு வருசத்துக்குள்ள விழுந்த ஆக்கள்
கையை உயர்த்துங்க."

மின்விசிறி சுற்றியது.
மருதமுனை ஆதம்பாவா தன் நகத்தைப் பார்த்தார்.
நெற்றியில் பிளாஸ்டரோடு ஓவசியர் பொன்னுத்துரை
சுவர்க் கலண்டரை வாசித்தார்.
நான் கையைச் சட்டைப்பைக்குள் விட்டேன்.

படங்குக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல்:
"நான் மூண்டு தரம், புள்ள.
கிணத்தடியில ஒண்டு, கோயில் படியில ஒண்டு,
மற்றது எங்க எண்டு சொல்லமாட்டன்."

சிரிப்பில் படங்கு அசைந்தது.
"நானும்தான்கா."
"எனக்கு ரெண்டு."
"கோழிக்குப் பின்னால ஓடி."
"ஒழு எடுக்கப் போன நேரம்" என்றார் ஆதம்பாவா.
ஓவசியர் பிளாஸ்டரைத் தொட்டு
அதே கையை உயர்த்தினார்.

யாரையும் பாராமல் நான் சொன்னேன்:
தைமாசம். குளியலறை. தரை காய்ந்துதான் இருந்தது.
விழுந்தது ஒரு கணம்.
கிடந்தது நாலு மணித்தியாலம்.
மீன்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனான்.
கூப்பிட்டிருக்கலாம். வெட்கமாக இருந்தது.
கதவும் உள்ளே கொண்டி போட்டபடி.
தோஹாவிலிருந்து மகள் எடுத்தாள்,
மேசையில் போன் நடுங்கி நடுங்கி
ஓய்ந்தது.
இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

அந்தப் பக்கமும் அமைதி.
துஷ்யந்தி எதையும் எழுதவில்லை.
"சரி ஐயா. இப்ப எல்லாரும் படுங்க."

படுப்பதில் நாங்கள் கெட்டிக்காரர்.
ஷெல் விழுமுன்னே படுக்கத் தெரிந்த ஆக்கள்,
வரம்பில், வாய்க்காலில், பஸ் சீற்றுக்கடியில்,
குப்புற, ஒரே மூச்சில்.
எழும்புவது எப்படியென்று
அப்போது யாரும் சொல்லித்தரவில்லை.
முன்னால் ஒருவர் ஓடினால் ஓடினோம்.

இது மெதுவான வேலை.
அவசரப்படாமல் கிட. எங்கே நோகிறதென்று பார்.
ஒருபக்கம் புரள். முழங்கை. பிறகு கை.
கதிரை வரைக்கும் தவழ்.
நல்ல காலை முன்னுக்கு வை.

ஓவசியர் படுத்தவாறே குறட்டை விட்டார்,
நாங்கள் எழுப்பவில்லை.
"நான் எழும்பமாட்டன், தேத்தண்ணிய இஞ்ச கொண்டாங்க"
என்றது அந்த மூன்று தரக் குரல்.
அவரின் முகத்தை நான் கடைசிவரை காணவில்லை.

மூன்றாம் முறையில் எழுந்தேன்.
கதிரையின் முதுகைப் பிடித்தபடி
கொஞ்சம் கூடுதலாகவே நின்றேன்.

பின்னேரம் குளியலறைக் கொண்டியைக் கழற்றினேன்.
பிளாஸ்டிக் கதிரையொன்றை உள்ளே வைத்து
அதன்மேல் போனை வைத்து
சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு
வேண்டுமென்றே தரையில் படுத்தேன்.
முதுகில் சீமெந்து குளிர்ந்தது.
மேலே ஒரு பல்லி.

போன் அடித்தது.
"பொறு, வாறன்" என்றேன் சத்தமாக,
அவளுக்குக் கேட்காது என்று தெரிந்தும்.
முழங்கை. கை. நல்ல கால்.
ஓயப்போகிற நேரத்தில் எடுத்தேன்.

"ஏனப்பா இவ்வளவு நேரம்?"

"தையில விழுந்தன், மகள்.
இப்பதான் எழும்பினன்."