பங்கேற்பாளர் ஏழு

ஏற்காடு ஏறும்போது பதினான்காம் கொண்டை ஊசி தாண்டி
இடப்பக்கம் ஒரு மண்பாதை.
பாதி எழும்பிய விடுதியின் இரண்டாம் தளத்தில்
அன்று கான்கிரீட்.
"ஓடிக்கிட்டே இருக்கும். நடுநடுவுல பேசலாம்" என்றார்.
சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்தேன்,
பதினெட்டுக் கேள்விகளும்
ஒலிப்பதிவுக் கருவியுமாக.

முதலில் ஒப்புதல் படிவம். அது விதி.
மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்து
வரைபடம் பார்ப்பவர்போல் வாசித்தார்.
மூன்றாம் பத்தியில் விரல் நின்றது:
உங்கள் பெயர் எங்கும் வெளியிடப்படாது.

சிரித்தார்.
மிக்சர் இரைச்சலை மீறி
அந்தச் சிரிப்பு மட்டும் பதிவில் தெளிவாக இருக்கிறது.
"அதுக்குப் படிவம் வேறயா?"

முந்தின வாரம் ஃபேர்லேண்ட்ஸில்
அவர் அலுவலகத்தைப் பார்த்திருந்தேன்.
கருங்கல்லில் பித்தளை எழுத்து:
செங்கோட்டுவேல் அசோசியேட்ஸ்.
"வீட்டுக்காரர். தங்கமான மனுசன்.
பார்ட்டிகிட்ட அவர் பேசுவார்,
வரையறது நான்.
அசோசியேட்ஸ்னு இருக்குல்ல,
அந்தக் கடைசி 'ஸ்' நான்தான்."

கேள்வி ஒன்பது:
பணியிடத்தில் நீங்கள் சந்தித்த தடைகள்?
(ஆறு நொடி மௌனம்.)
"காலைல ஒன்பது மணிக்கு மேல தண்ணி குடிக்க மாட்டேன்."
எழுதிக்கொண்டேன்.
"இந்தக் கட்டடத்துல முப்பத்திரண்டு பாத்ரூம்.
ஓடு, தரைச்சரிவு, ஜன்னல், எல்லாம் நான் போட்டது.
தை மாசம் திறப்பாங்க.
அதுவரைக்கும் அந்த சில்வர் ஓக்குக்குப் பின்னால.
சித்தாளுங்க சேலைய விரிச்சுப் பிடிப்பாங்க,
அவங்களுக்கு நான் துப்பட்டாவ.
அவங்ககிட்டயும் கேப்பீங்கல்ல?"

என் பட்டியலில் அது இல்லை.
பதினோரு பெண்கள்
சாரத்தில் ஏறிக்கொண்டிருந்தார்கள்,
தலையில் கான்கிரீட் சட்டி.
'கட்டடக்கலையில் பெண்கள் குறைவு' என்று
நான் எழுதிவந்த முதல் வாக்கியத்தின் வழியாகவே
ஏறினார்கள்.

பேச்சின் நடுவே எழுந்து கத்தினார்:
"யோவ் மாதேசு, கவர் பிளாக் எங்கய்யா?
கம்பி தகட்டுல ஒக்காந்திருக்கு பாரு!"
மாதேசு கம்பியைப் பார்த்தான்.
பிறகு கான்ட்ராக்டரைப் பார்த்தான்.
கான்ட்ராக்டர் தலையசைத்தார்.
பிறகுதான் குனிந்தான்.

அஸ்தம்பட்டி அறையில், இரவு,
காதில் மாட்டிக்கொண்டு
சொல் சொல்லாக எழுதுகிறேன்.
அந்த இடத்தை மட்டும் ஏழுமுறை ஓட்டினேன்.
இரண்டு நொடி. அதற்கு மேல் இல்லை.
குடும்பத்துக்குப் பச்சை, சம்பளத்துக்கு நீலம்,
அங்கீகாரத்துக்குச் சிவப்பு என்று
பேனா வாங்கி வைத்திருக்கிறேன்.
கான்ட்ராக்டரின் தலை அசையும்வரை
கம்பி தகட்டிலேயே கிடந்த
இரண்டு நொடிக்கு
என்ன நிறம்?
பத்தொன்பது வருஷத்தில்
எத்தனை தளம், தளத்துக்கு எத்தனை முறை என்று
பெருக்கிப் பார்த்து நிறுத்தினேன்.
எண் வேண்டாம் என்றுதானே
இந்த முறையைத் தேர்ந்தேன்.

படிவத்தின் அடியில் அவர் கையெழுத்திடவில்லை.
வரைபட மூலையில் போடுவதுபோல்
மூன்று கட்டம் கிழித்திருந்தார்.
வரைந்தவர். சரிபார்த்தவர். ஒப்புதல்.
மூன்றிலும் தன் முழுப்பெயர்,
அளவுகோல் வைத்த எழுத்தில்.
கீழே ஒரு வரி: என் பேரப் போடுங்க.

நெறிக்குழு மறுத்தது.
பங்கேற்பாளரின் நலன் கருதி,
என்றது கடிதம்.
கையொப்பமிட்டவர் பெயர் அதில் பெரிதாக இருந்தது.

ஆக அவர் இனி
பங்கேற்பாளர் ஏழு, வயது நாற்பத்திரண்டு, சேலம்.
வேண்டுமானால் ஒரு புனைபெயர் வைக்கலாம்.
போன் செய்தேன்.
(மூன்று நொடி.)
"மழைக்கு ஒழுகாத பேரா ஒண்ணு பாத்து வைங்க"
என்றார். வைத்துவிட்டார்.

பின்னால் மிக்சர் ஓடிக்கொண்டிருந்தது.
மூன்றாம் தளமாக இருக்கும்.