பதினோராம் எண்

பாக்கெட் இருபது ரூபாய்.
ஐந்து அட்டை, ஒரு சூயிங்கம்.
சூயிங்கத்தை ரெஜினா பிடுங்கிக்கொள்வாள்.
அட்டையில் கொழுப்பு இல்லை என்பதை
அவள் இன்னும் முழுதாக நம்பவில்லை.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு
கௌதமபுரம் மைதானத்து வாசலில் விற்பனை.
பாக்கெட்டுக்குப் பன்னிரண்டு ரூபாய்
சுவரில் மாட்டப்போகும் பெட்டிக்கு.
நின்றுபோன நெஞ்சை உதைத்து எழுப்புமாம்
அந்த மின்சாரப் பெட்டி.
மிச்சம் அச்சகத்துக்கு.

எங்கள் அணி லேக்சைடு லெவன்.
முப்பத்தோரு வருஷத்தில் ஒரே ஒரு கோப்பை,
அதுவும் எதிரணியின் வேன்
ஓசூர் ரோட்டில் பழுதாகி நின்றதால்.

ஸ்டென்ட் வைத்த மறுநாள்
மேட்ச் பார்க்கலாமா என்று கேட்டேன்.
'உங்க டீம் ஜெயிக்குமா?' என்றார் டாக்டர் ஹெக்டே.
ஜெயிக்காது சார்.
'அப்போ அதிர்ச்சிக்கு வழியில்லை, பாருங்க.'
பிறகு விரல்விட்டு எண்ணினார்:
உப்பு பேடா, பீடி பேடா,
நாற்பது நிமிஷம் நடை பேக்கே பேக்கு.

நடப்பதற்காக நடக்க எனக்கு வராது.
அட்டைக்காக நடந்தேன்.
மர்ஃபி டவுனில் தேவசகாயத்திடம்
இரண்டு கோல்கீப்பரைத் தந்து ஒரு கேப்டனை வாங்கினேன்.
காக்ஸ் டவுன் பேக்கரி நாகேந்திரப்பாவிடம்
பேரம் பேசி முடிவதற்குள்
முட்டை பப்ஸ் இரண்டு தட்டு கடந்துபோகும்,
என் வாழ்நாளின் பெரிய டிஃபன்ஸ் அது.
எக்கோ எடுக்கும் ஷர்மதாகூட
மார்பில் சில்லென்று ஜெல்லைத் தடவியபடி
'நாலாம் நம்பர் உங்ககிட்ட இருக்கா சார்?' என்பாள்.
திரையில் என் வால்வு
திறந்து மூடிக்கொண்டிருக்கும்,
பந்து வருமா வராதா என்று தெரியாத
கோலியின் கைபோல.

இருபத்திரண்டில் இருபது சேர்ந்துவிட்டது.
நாலு வரும்.
பதினொன்றுதான் வரமாட்டேன் என்கிறது.
இருதயராஜ், இடது விங்.

போன நவம்பர், அறுபத்துமூன்றாவது நிமிஷம்.
பக்கத்தில் ஒருவனும் இல்லை, பந்து அவன் காலில்.
கொடியிலிருந்து நழுவும் ஈரச் சட்டைபோல
விழுந்தான்.
நடிக்கிறான்டா என்றது மதில்மேல் கூட்டம்.
எழுந்திரு, நடிக்காதே என்று
எல்லாருக்கும் மேலே கத்தியது
என் தொண்டை.
ஆட்டோவில் ஏற்றும்போது
பூட்ஸ் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

மூன்று மாதம் கழித்து,
டிரினிட்டி மெட்ரோ படிக்கட்டில்
எனக்கு நெஞ்சு இறுகியபோது
யாரும் கத்தவில்லை.
நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்:
நடிக்காதே.

இப்போது பாக்கெட் விற்பது அவன்தான்.
ஓடக் கூடாது, விற்கலாம்.
பதினான்கு ஞாயிறாக
அவன் கையை மட்டும் பார்த்து வாங்கினேன்.

இன்று நூறு ரூபாய்க்குச் சில்லறை இல்லை.
'வாங்கண்ணா, டீக்கடையில மாத்திடலாம்.'
கோட்டோரமாக நடந்தோம்.
அவன் உள்ளே, நான் வெளியே,
இரண்டு பேருக்கும் மெதுவாகத்தான் நடக்க அனுமதி.

அன்னிக்குக் கத்தினவன் நான்தான் என்றேன்.
எந்தக் கார்னர் கொடி வரும்போது சொன்னேன்
என்பது ஞாபகமில்லை.

'எல்லாருந்தான் கத்தினீங்க.
காதுல ஒண்ணும் விழல.
மூக்குகிட்ட கோட்டுச் சுண்ணாம்பு,
அந்த வாசனைதான் இருந்துச்சு.'
கொஞ்ச தூரம் போனதும்
'என் அட்டை எனக்கே கிடைக்கலண்ணா' என்றான்.
'போட்டானுங்களா இல்லையான்னே தெரியல.'

டீக்கு அவன் சர்க்கரை வேண்டாம் என்றான்,
நான் சொல்வதற்குள் கடைக்காரர்
எனக்கும் போடவில்லை.

பெஞ்சில் உட்கார்ந்து பாக்கெட்டைக் கிழித்தேன்.
அவனும் எட்டிப் பார்த்தான்.
மூன்று கோல்கீப்பர், ஒரு கோச்,
ஒரு நாலாம் நம்பர்.

வியாழக்கிழமை எக்கோ இருக்கிறது.
ஷர்மதாவிடம் உடனே கொடுக்கக் கூடாது.