வடிகால்

மூன்றாவது பற்றரி இது என்றாள் அன்னெக்ரெட் க்யுல்ப்மான்.
முதல் கராஜ் பற்றரியை மாற்றியது.
இரண்டாவது கராஜ் டைனமோவை மாற்றியது,
பிறகு மறுபடியும் பற்றரியை.
இரவு இரண்டு மணிக்கு விளக்குகள் தானாக எரிகின்றனவாம்.
காய்ந்த கண்ணாடியில் வைப்பர் ஓடுகிறதாம்.
பூட்டிய கதவு படக்கென்று திறந்து
ஏதோ நினைவு வந்ததுபோல் மறுபடி பூட்டிக்கொள்கிறதாம்.
எதிர்வீட்டுக்காரர் எழுதிச் செருகிய கடிதத்தை
சாட்சிபோல மேசையில் வைத்தாள்.
பேய் என்று சொல்லவில்லை.
மருத்துவச்சி அவள். இரவுகளோடு பழக்கம் உண்டு.

வூப்பர்தாலில் மழை.
இங்கே அதை யாரும் செய்தியாகச் சொல்வதில்லை.
ஃபோவிங்கெல் தெருவுக்கு மேலே தொங்குரயில் போகையில்
தட்டிலுள்ள ஸ்பானர்கள் மெல்ல நடுங்கும்.

காரைப் பூட்டித் தூங்கவிட்டேன்.
தூங்கும் கார் குடிக்கலாம், இருபது மில்லி அம்பியர்.
இது கண்ணை மூடிக்கொண்டு அரை அம்பியர் குடித்தது.
பியூசைப் பிடுங்கினால் விழித்துக்கொள்ளும் என்பதால்
ஒவ்வொன்றின் முதுகிலும் மீற்றர் ஊசியை வைத்துக் கேட்டேன்.
முப்பத்தோராவது பேசியது.

அது போய்ச் சேரும் இடம்
டாஷ்போர்டின் கீழே ஒரு கறுப்புப் பெட்டி.
விளக்கு, கதவு, வைப்பர், ஹோர்ன்,
எல்லாருக்கும் உத்தரவு அங்கிருந்துதான்.
மிதிகளுக்கு மேல் தலையைத் தொங்கவிட்டுக் கழற்றினேன்.
கையோடு வழிந்தது நீர்.
ஊசிகளில் பச்சை.

செம்பில் களிம்பு, கூடவே பிறந்தது
என்று சைவசமய வகுப்பில் பாடமாக்கிப் புள்ளி வாங்கியவள் நான்.
இல்லை.
களிம்புக்குத் தண்ணீர் வேண்டும்.
தண்ணீருக்கு ஒரு வழி வேண்டும்.

பெட்டியை மட்டும் மாற்றி அனுப்பிவிடலாம்.
நாலு வருடத்துக்கு முன்பு அப்படித்தான்
ஒரு பேக்கரி வானை அனுப்பினேன்.
பத்தொன்பதாம் நாள் திரும்பி வந்தது,
நனைந்த பாண் மணத்தோடு.
இரண்டாவது பெட்டி என் செலவு.
பேக்கரிக்காரர் திட்டவில்லை,
ஆறு பண் வேறு தந்துவிட்டுப் போனார்.
இன்னும் செரிக்கவில்லை.

எனவே முன்கண்ணாடியின் அடியில் ஒரு போத்தல் நீரை ஊற்றிவிட்டு
ரோர்ச்சோடு உள்ளே படுத்திருந்தேன்.
வந்தது, ஒவ்வொரு துளியாக,
வயர்க்கற்றையைப் பிடித்து இறங்கி, நேராகப் பெட்டிக்கு.
வடிகால் துளையை அடைத்திருந்தது
அவள் வாசல் லிண்டன் மரத்தின் விதைச்சேறு,
ஒரு கை நிறைய.

புதுப்பெட்டிக்கு ஒன்றும் தெரியாது.
எத்தனை கதவு, எந்த நாடு,
ஸ்டியரிங் எந்தப் பக்கம், எந்தச் சாவி சொந்தம்,
எல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டும்.
மடிக்கணினியில் பச்சைக் கோடு ஊர்ந்தது.
நாற்பத்தொரு வீதத்தில் அவள் போன் அடித்தது.

“எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை?” என்று போனில் கேட்டாள்.
ஏழாம்.
பிறகு என்னிடம்: “உங்களுக்கு?”
“இப்போது தொட முடியாது.
பாதியில் மின்சாரம் அறுந்தால் உள்ளே ஒன்றும் மிஞ்சாது.”
“தெரியும்” என்றாள்.
வாடிக்கையாளர்கள் எல்லாரும் சொல்கிற சொல்.
இவளுக்கு உண்மையிலேயே தெரிந்திருந்தது.

என் வானின் சாவியை எறிந்தேன். பிடித்தாள்.
பின்னால் நாலு டயர் கிடக்கும்,
பக்கக் கதவு கத்தும், அடித்துச் சாத்துங்கள் என்று
நான் சொல்லி முடிக்குமுன் தெருமுனை திரும்பிவிட்டாள்.

நூறு.
பூட்டினேன். ஒருமுறை கண் சிமிட்டியது.
அரை மணிநேரம் விளக்கணைத்து உட்கார்ந்திருந்தேன்,
மீற்றர் இறங்கும்வரை.
பதினெட்டு மில்லி அம்பியர்.

மறுநாள் பதினொரு மணிக்கு வந்தாள், நேற்றைய உடுப்போடு.
பில்லை மேலிருந்து கீழே வாசித்தாள்.
பெட்டியின் விலையைக் கண்டு ஒருமுறை மூச்சு வாங்கினாள்.
கடைசி வரியில் விரல் நின்றது:
வடிகால் சுத்தம், இருபது நிமிடம்.
“இதை முதலில் எழுதியிருக்கலாம்.”

அவள் போனபின் வானைத் திறந்தேன்.
பக்கக் கதவு கத்தவில்லை.
கீலில் விரல் வைத்து முகர்ந்தேன்.
பிள்ளைகளுக்குத் தடவுகிற எண்ணெய்.