எடைமேடை

சனிக்கிழமைகளில் பழைய இரும்புக் கிடங்கில்
லாரிகளுக்கு எடை போடுகிறேன்.
உள்ளே வரும்போது ஒரு தடவை,
வெளியே போகும்போது ஒரு தடவை.
கழித்தால் கிடைப்பது இரும்பு.
மீதியெல்லாம் வண்டி, டீசல்,
சக்கரத்தில் ஒட்டிய பனி, வேர்னின் தொந்தி.

டுலூத்தில் அந்த வருடம்
ஏப்ரல் கடைசியிலும் ஏரியின் பனிக்கட்டி
கரையை முட்டிக்கொண்டிருந்தது.
மேடையறையில், ஹீட்டர் பக்கத்தில்,
நானும் சிக்னியும் சண்டை போட்டோம்
எது கடினம் என்று.

அவள் ஐ.பி.
நான் ஏ.பி.
அவள் பள்ளி மேட்டுத்தெருவில்,
என் பள்ளி தண்டவாளத்துக்குக் கீழே.
ஆறாம் வகுப்புவரை ஒரே பெஞ்ச்.

"உனக்கு மே மாதத்தில் ஒரு காலை, மூன்று மணி நேரம்.
வட்டங்களைக் கறுப்பாக்கிவிட்டுப் போய்விடுவாய்.
எனக்கு இரண்டு வருடம்" என்றாள்.
நாலாயிரம் சொல்லில் கட்டுரை எழுதியிருந்தாள்,
ஏரிக்கு வந்தேறிய மட்டிகளைப் பற்றி.
அது போதாதென்று இன்னொரு வகுப்பு:
தெரியும் என்பது
எப்படித் தெரியும் என்று கேட்பதற்கு.
"அதற்கு எப்படி மார்க் போடுவார்கள்?" என்றேன்.
சிரித்தாள்.
பிறகு யோசித்தாள், சிரிப்பு நின்றுவிட்டது.

நான் என் பங்குக்கு அவிழ்த்துவிட்டேன்.
ஒரே வருடத்தில் ஐந்து பாடம்.
வேதியியலுக்குச் சேர்ந்தவர்கள் இருபத்திரண்டு,
நவம்பரில் ஆசிரியர் வேலையை விட்டுப் போனபின்
மிஞ்சியவர்கள் ஒன்பது.
வீடியோ பார்த்து அமிலம் கலந்தோம்.
ஒரு மேசையில் இன்னும் ஓட்டை இருக்கிறது.

பதிவேட்டில் எங்கள் ஏ-வுக்கு ஐந்து புள்ளி,
அவளுக்கும் ஐந்து.
சாதாரண வகுப்பு ஏ-வுக்கு நாலு.
கூடுதலாக வரும் அந்த ஒன்றை
யார், எங்கே நிறுத்து எடுத்தார்கள்
என்று இருவருமே கேட்கவில்லை.

எமெட் உள்ளே வந்தான், கையில் செம்புக் கம்பிச் சுருள்.
அவனும் எங்கள் வயதுதான். எல்லாமே நாலுப் புள்ளி வகுப்பு.
விடியற்காலை மூன்றுக்கு ரொட்டிக்கடை, எட்டுக்குப் பள்ளி,
சனிக்கிழமை இங்கே.
"இவ்வளவு பெரிய தராசை வைத்துக்கொண்டு
வாயால் ஏன் நிறுக்கிறீர்கள்?" என்றான்.

சரி என்று போனோம்.
சிக்னியின் பையை மேடையில் வைத்தோம்: இருபது பவுண்டு.
என் பை: இருபது.
எமெட்டின் சாப்பாட்டுப் பொட்டலம்: பூஜ்யம்.
லாரித் தராசு இருபது இருபதாகத்தான் எண்ணும்,
இடையில் இருப்பதெல்லாம் அதற்கு ஒன்றுமில்லை.

பிறகு விளையாட்டாக அவனே ஏறி நின்றான்.
நூற்று அறுபது.
"கிறிஸ்துமஸ் சமயம் நூற்று எண்பது காட்டியதே" என்றான்,
தராசைச் சந்தேகிப்பதுபோல.
நான் ரசீது அடிக்கும் பொத்தானை அழுத்திவிட்டேன், பழக்கதோஷம்.
காகிதம் வெளியே வந்தது.
யாரும் கிழிக்கவில்லை.

ஜூலையில் முடிவுகள்.
வேதியியலில் எனக்கு மூன்று, கல்லூரிக்கு அது செல்லாது.
வரலாற்றில் நாலு.
ஒரு பாடம் குறைந்தது, ஆயிரத்து இருநூறு டாலர் மிச்சம்.
அம்மா அதில் காருக்கு டயர் மாற்றினாள்.
அந்த வரலாற்றில் இன்று நினைவிருப்பது
ஒரு கால்வாய், அதை வெட்டிய வருடம்கூட இல்லை.

சிக்னியின் மட்டிகளுக்குக் கல்லூரி
ஒரு சல்லிக்காசு தரவில்லை.
ஆகஸ்டில் கரையில் ஒரு சிப்பியைப் பொறுக்கி
நாற்பது நிமிடம் பேசினாள்.
கப்பலின் வயிற்றுத் தண்ணீரில் வந்ததாம்,
ஏரியைத் தெளிய வைத்ததாம்,
தெளிந்ததாலேயே மீன்கள் பட்டினியாம்.
கேட்டுக்கொண்டே இருந்தேன்.
முடித்துவிட்டுச் சொன்னாள்:
"உன் டயரைக் கொடு,
இந்த நாற்பது நிமிடத்தை எடுத்துக்கொள்."

எமெட் வெல்டிங் படிக்கிறான்.
அங்கே பற்றவைத்த இரும்பை வளைத்துப் பார்க்கிறார்களாம்,
உடைந்தால் மறுபடி.

நேற்றிரவு மழை.
தண்ணீர் தேங்கினால் காலி மேடையே
இருபது காட்டும், சில நாள் நாற்பது.
காலையில் முதல் வேலை
துடைப்பத்தால் தள்ளிவிட்டு
முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்புவது.
கேட்டுக்கு வெளியே வேர்ன்
ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறார்.